தட்டும் பாராட்டும்: டர்பன் டீச்சரம்மா பதில்கள்

புதிதாக வரும் சாஸ்திரிய இசைப் பதிவுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். டோங்காட், மியர்பேங்க், பீட்டர்மரிட்ஸ்பர்க், லெனேசியா என்று தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. கர்நாடக சங்கீதம், மேற்கத்திய சங்கீதம் இரண்டையும் கலந்தே கேட்டிருக்கிறீர்கள். நம் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம் பாடிவிட்டு மறுநாள் பியானோ வகுப்புக்குப் போகிறவர்கள். அதனால் நானும் பிரிக்காமலே பதில் சொல்கிறேன்.

எந்தப் புதிய இசைத்தட்டு வந்தாலும் 'அபாரம்', 'ஐந்து நட்சத்திரம்' என்றுதான் விமர்சகர்கள் எழுதுகிறார்கள். எதை நம்பிக் காசு கொடுப்பது, டீச்சர்?
*வாசகி, டோங்காட்*

நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள் அம்மா. பாராட்டுக்கு என்ன காரணம் சொல்கிறார் என்று மட்டும் பாருங்கள். என் மாணவிகளுக்கு நான் சொல்லும் வழி இது: விமர்சனத்தில் பாடகர் பெயர் வரும் இடத்தையெல்லாம் விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். 'குரல் தேனாய்ப் பாய்ந்தது, கேட்டவர் மெய்மறந்தனர், பக்கவாத்தியம் பக்கபலமாக அமைந்தது' என்று இருந்தால் அதை யார் தட்டுக்கும் ஒட்டலாம். எழுதியவர் தட்டைக் கேட்காமலே எழுதியிருக்கலாம். 'பந்துவராளியில் மேலே ஏற அவசரப்படாமல் காந்தாரத்தைச் சுற்றியே வெகுநேரம் நிற்கிறார், நிரவலில் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி சரியாகக் கேட்கவில்லை' என்று இருந்தால் அது அந்த ஒரு தட்டைப் பற்றித்தான் எழுதியிருக்க முடியும். அவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அவர் குறை சொன்னால்கூட அந்தத் தட்டு உங்களுக்குப் பிடித்துப்போகலாம். என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டாரே, போதும்.

தமிழில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதி எழுதினார். வித்வான் எவ்வளவு பெரியவரானாலும் பாட்டில் சொல் சிதைந்தால் சிதைந்தது என்று எழுதும் துணிச்சல் அவருக்கு இருந்தது. சங்கீதம் படிக்காதவருக்கும் புரியும்படி எழுதினார். பாராட்டு கூர்மையாக இருந்தால் வாசகர்கள் விரும்பிப் படிப்பார்கள் என்பதற்கு அந்தப் பகுதியே சாட்சி.

மேற்கத்திய சங்கீதத்தில் லண்டனின் 'கிராமபோன்' பத்திரிகை 1923-ல் காம்ப்டன் மெக்கன்ஸி தொடங்கியது. இன்றும் வருகிறது; 1977 முதல் ஆண்டு விருதும் கொடுக்கிறது. பாரிஸில் 'டியாபசோன்' இருக்கிறது. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் ஒன்று: ஒரு பீத்தோவன் சொனாட்டா புதிதாக வந்தால், அதே சொனாட்டாவை முன்பு வாசித்தவர்களின் பதிவுகளை விமர்சகர் பக்கத்தில் வைத்துக் கேட்பார். இவர் எங்கே வேகம், அவர் எங்கே நிதானம் என்று சொல்வார். நம்மிடம் தியாகராஜரின் 'எந்தரோ மஹானுபாவுலு'வுக்கு எத்தனையோ பதிவுகள் இருக்கின்றன. புதிதாக ஒன்று வரும்போது பழையவற்றோடு வைத்துப் பார்த்து எழுதுகிறவர் மிகக் குறைவு. அது எனக்கு உண்மையான வருத்தம்.

இந்த ஊரில் என் வயதுக்காரர்கள் விமர்சனம் படித்துத் தட்டு வாங்கியதே கிடையாது. இனவெறிச் சட்டங்களை எதிர்த்து இந்தியா 1946-லேயே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்திவிட்டது. அந்தத் தடை நியாயமானது. ஆனால் ஒரு எம்.எஸ். சுப்புலட்சுமி தட்டு டர்பனுக்கு வர வேண்டுமென்றால் யாராவது சுற்றி வளைத்துக் கொண்டுவர வேண்டும். கிரே தெருப் பக்கம் ஒரு வீட்டில் தட்டு வந்திருக்கிறது என்றால் சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் ஏறிப் போவோம். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே இல்லை, கிடைத்ததைத்தான் கேட்டோம். கீறல் விழுந்த இடம் உட்பட மனப்பாடம். இன்று உங்கள் கைப்பேசியில் எல்லாம் இருக்கிறது, அதனால்தான் வழிகாட்டும் விமர்சனம் உங்களுக்கு எங்களைவிட அதிகம் தேவைப்படுகிறது.

உலகப் புகழ்பெற்ற பத்திரிகைகளின் விமர்சகர்களே ஒரு பியானோ கலைஞர் விஷயத்தில் ஏமாந்துபோனார்களாமே? பிறகு விமர்சனத்துக்கு என்ன மதிப்பு?
*வாசகர், லெனேசியா*

ஜாய்ஸ் ஹாட்டோ விஷயத்தைக் கேட்கிறீர்கள். முழுவதும் சொல்கிறேன், இசை கேட்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

ஹாட்டோ 1928-ல் பிறந்த ஆங்கிலேயப் பியானோ கலைஞர். மேடையை விட்டு விலகி வெகுகாலம் கழித்து, வயதான காலத்தில், அவர் பெயரில் தட்டுகள் வந்து குவிந்தன. நூற்றுக்கும் மேல். லிஸ்ட், ஷோப்பான், ரக்மானினோவ் என்று மிகக் கடினமான உருப்படிகள் எல்லாம் அதில் இருந்தன. வெளியிட்டது அவர் கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப் நடத்திய சிறிய நிறுவனம். புற்றுநோயோடு போராடிக்கொண்டே வீட்டோடு இருந்து இத்தனையும் பதிவு செய்தார் என்ற கதையும் கூடவே வந்தது. விமர்சகர்கள் உருகினார்கள். உலகம் கண்டுகொள்ளாத மாமேதை என்று எழுதினார்கள். 2006-ல் அவர் காலமானார்.

2007 பிப்ரவரியில் ஒரு ரசிகர் ஹாட்டோவின் லிஸ்ட் தட்டைக் கணினியில் போட்டார். தட்டில் உள்ள பகுதிகளின் நீளத்தை வைத்து அது எந்தத் தட்டு என்று கண்டுபிடித்துச் சொல்லும் தரவுத்தளம் ஒன்று உண்டு. அது திரையில் காட்டிய பெயர் ஹாட்டோ இல்லை. லாஸ்லோ சைமன் என்ற ஹங்கேரியக் கலைஞரின் பெயர், ஸ்வீடனின் 'பிஸ்' நிறுவனம் வெளியிட்ட தட்டு. 'கிராமபோன்' பத்திரிகை ஒலிப் பொறியாளரை வைத்து இரண்டின் அலை வடிவத்தையும் ஒப்பிட்டது. ஒன்றுதான். அடுத்தடுத்து மற்றத் தட்டுகளும் பிறருடையவை என்று வெளிவந்தன. சிலவற்றில் கண்டுபிடிக்க முடியாதபடி வேகத்தை லேசாகக் கூட்டியோ குறைத்தோ இருந்தார்கள். கச்சேரி வாத்தியக் குழுவை நடத்தியவர் என்று அட்டையில் போட்டிருந்த ரெனே கோலர் என்ற மனிதரே உலகத்தில் இல்லை. கணவர் முதலில் மறுத்தார், பிறகு 'பிஸ்' நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்.

இதைச் சொல்லிவிட்டு 'பார்த்தீர்களா, விமர்சகர்களுக்குக் காதே இல்லை' என்று முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தத் தட்டுகளில் இருந்த வாசிப்பு உண்மையிலேயே உயர்ந்தது. சைமன் நன்றாக வாசித்திருந்தார், நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்களின் காது பிசகவில்லை. யோசிக்க வேண்டிய இடம் வேறு. ரக்மானினோவின் மூன்றாவது கன்சர்ட்டோவை யெஃபிம் ப்ரான்ஃப்மன் வாசித்து வந்த பழைய தட்டைத் துடிப்பு போதாது என்கிற தொனியில் எழுதிய ஒரு விமர்சகரே, அதே ஒலிப்பதிவு ஹாட்டோ பெயரில் வந்தபோது மகத்தானது என்று எழுதினார். இடையில் மாறியது தட்டின் அட்டையும் அதோடு வந்த கதையும்தான். நோயோடு போராடும் மூதாட்டி என்ற எண்ணம் காதுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

நம்மிடமும் இது உண்டு, ஐயா. 'ஏழு வயதுக் குழந்தை', 'கண் தெரியாதவர்', 'இத்தனை தலைமுறைப் பரம்பரை' என்று ஆரம்பித்தாலே நாம் பாதி உருகிவிடுகிறோம். அந்த அன்பு இருக்கட்டும், அது நல்ல மனசு. ஆனால் பாராட்டு எழுதுகிறபோது கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சுருதியைக் கேட்க வேண்டும். அந்தச் சைமனையும் ப்ரான்ஃப்மனையும் நினைத்துப் பாருங்கள், தாங்கள் வாசித்ததற்குக் கிடைத்த புகழ் இன்னொருவர் பெயருக்குப் போய்விட்டது. எனக்கு அதுதான் இந்த விவகாரத்தில் நெஞ்சை அறுக்கிறது.

நான் பள்ளியில் செல்லோ படிக்கிறேன். ஏபெல் செலாவ்ச்வே தட்டை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். அவ்வளவு தகுதி இருக்கிறதா, ஆன்ட்டி?
*மாணவன், மியர்பேங்க்*

இருக்கிறது தம்பி, கண்டிப்பாகக் கேள். ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே செபோகெங் குடியிருப்பில் வளர்ந்து, மான்செஸ்டரில் ராயல் நார்தர்ன் இசைக் கல்லூரியில் படித்தவர். 2022-ல் வார்னர் கிளாசிக்ஸ் வெளியிட்ட அவர் முதல் தட்டின் தலைப்பே வீடு எங்கே என்று கேட்கிறது. அதில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் செல்லோ உருப்படியும் இருக்கிறது, அவருடைய சொந்தப் பாட்டும் இருக்கிறது. வில்லை இழுத்துக்கொண்டே தொண்டையின் அடியிலிருந்து ஒரு கனத்த குரலில் பாடுகிறார். 2025-ல் 'ஹிம்ஸ் ஆஃப் பாண்டு' என்ற இரண்டாவது தட்டும் வந்திருக்கிறது.

'எல்லைகளைத் தாண்டுகிறார்' என்பதுதான் அவரைப் பற்றிப் பெரும்பாலான பாராட்டு. செல்லோ படிக்கும் உனக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. நீ சரபாந்து என்ற அந்த மெதுவான பாக் பகுதியை மட்டும் தனியாக எடுத்துக் கேள். அதிகச் சத்தம் இல்லாமல், ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் மூச்சுவிட இடம் கொடுத்து வாசிக்கிறார். பாடத் தெரிந்தவனின் வில் அது. உன் வாத்தியாரிடம் அந்த இடத்தைக் காட்டி, வில்லின் எந்தப் பகுதியில் வாசிக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள். தாள வாத்தியங்கள் சேரும் சில பாடல்களில் செல்லோவின் நடுச் சுரங்கள் கொஞ்சம் அமுங்கிப்போகின்றன என்பது என் அபிப்பிராயம். அதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

குவாசூலு-நடால் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவின் கச்சேரிக்கு வீட்டில் கேட்டுக்கொண்டு போய்வா. செல்லோக்காரர்களின் வலது கை தெரிகிற பக்கமாக இடம் பிடி.

ப்ரெட்டி யெண்டேயின் தட்டில் 'லக்மே' பாட்டு இருக்கிறதே, அது இந்தியக் கதையாமே? நம் ராகம் ஏதாவது அதில் உண்டா?
*வாசகி, பீட்டர்மரிட்ஸ்பர்க்*

கதை இந்தியாவில் நடக்கிறது, சங்கீதம் முழுக்கப் பிரெஞ்சு. லியோ தெலீப் எழுதி 1883-ல் பாரிஸில் மேடையேறிய ஓபரா. நீலகண்டர் என்ற அந்தணரின் மகள் லக்மே. அவள் பணிப்பெண் பெயர் மல்லிகா. இருவரும் ஆற்றங்கரைக்குப் பூப்பறிக்கப் போகும்போது பாடுவதுதான் அந்தப் புகழ்பெற்ற இரட்டைப் பாடல். ஆங்கிலேய அதிகாரி ஒருவனைக் காதலித்து, கடைசியில் ஊமத்தை தின்று உயிர்விடுகிறாள். ராகத்தைத் தேடாதீர்கள், கிடைக்காது.

யெண்டே நமக்குப் பக்கத்து ஊர்க்காரி மாதிரிதான். பீட் ரெட்டீஃப் நகரில் 1985-ல் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் விமான நிறுவன விளம்பரம் ஒன்றில் இந்தப் பாட்டைக் கேட்டு, இது என்ன என்று ஆசிரியரிடம் விசாரித்ததில்தான் ஓபராவுக்கு வந்தார். 2016-ல் சோனி வெளியிட்ட 'எ ஜர்னி' தட்டில் அதே பாட்டை கேட் ஆல்டிரிச்சோடு பாடியிருக்கிறார். உச்சத்தில் குரல் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்றே விமர்சகர்கள் எழுதினார்கள். அது உண்மைதான். எனக்கோ இரண்டு குரலும் பக்கத்தில் பக்கத்தில் இறங்கி வரும் இடம்தான் உயர்வாகப் படுகிறது. அங்கே இவர் மேல் குரலாக இருந்தும் கீழ்க் குரலை அமுக்கவில்லை. சேர்ந்து பாடப் பழகும் பெண்கள் அதைப் பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்.

கிராமி விருது பெற்ற 'திரிவேணி' சாஸ்திரிய இசைத் தட்டா?
*வாசகர், சாட்ஸ்வொர்த்*

இல்லை. சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டன், நம் தென்னாப்பிரிக்கப் புல்லாங்குழல் கலைஞர் வூட்டர் கெல்லர்மன், செல்லோ வாசிக்கும் எரு மட்சுமோட்டோ மூவரும் சேர்ந்து செய்தது. 2025-ல் கிராமி கிடைத்தது. ஆனால் எந்தப் பிரிவில் என்று பாருங்கள்: புதுயுக இசை, மந்திர ஓதல் ஆகியவற்றுக்கான பிரிவு. வேத மந்திரங்களை அமைதியாக, தியானத்துக்கு ஏற்றபடி பாடியிருக்கிறார்கள். அதற்காகக் கேட்டால் மனதுக்கு இதமாக இருக்கிறது. நம் நாட்டுக்காரரும் தமிழ்நாட்டில் பிறந்தவரும் சேர்ந்து வாங்கியதில் எனக்கும் பெருமைதான். ராக ஆலாபனையும் நிரவலும் தேடுகிறவர் வேறு தட்டுக்குப் போக வேண்டும். கிராமி என்பது அதை வழங்கும் அமெரிக்க ஒலிப்பதிவு அமைப்பின் உறுப்பினர்கள் வாக்களித்துக் கொடுப்பது, விமர்சகர்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுக் கொடுப்பது வேறு. விருதுப் பெயரைப் பார்க்கும்போது பிரிவின் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

மார்கழிக் கச்சேரிகளுக்கு அவ்வளவு விமர்சனம் வருகிறது. கர்நாடக இசைப் பதிவுகளுக்கு ஏன் வருவதில்லை?
*வாசகி, ஃபீனிக்ஸ்*

நல்ல கேள்வி, நானும் வெகுநாளாக ஆதங்கப்படும் விஷயம். நமக்குக் கச்சேரிதான் பெரிது. தட்டு என்றால் கச்சேரிக்குப் போக முடியாதவர்கள் கேட்பது என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அதற்குச் சரித்திரக் காரணமும் உண்டு. பழைய 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். வீணை தனம்மாள் 1932-ல் கொலம்பியா நிறுவனத்துக்கு வாசித்தார். விஸ்தாரத்துக்குப் பெயர் போனவரை அந்தச் சிறு அளவுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அப்படியும் அந்தத் தட்டுகளில் சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் எவ்வளவு சுத்தம்! இரைச்சலைத் தாண்டிக் காதைக் கொடுத்தால் அந்தக் கை தெரியும்.

பிறகு நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தது. 1963-ல் எம்.எஸ். பாடி வெளிவந்த சுப்ரபாதம் நம் ஊர் வீடுகளிலும் விடியலில் ஒலிக்கிறது. 1968-ல் அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் ராம்நாட் கிருஷ்ணனின் 'வித்வான்' என்ற தட்டை வெளியிட்டது. அவசரமில்லாத, அடக்கமான பாட்டு. புதிதாகக் கர்நாடக சங்கீதம் கேட்க வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதுதான்.

தட்டுக்கு விமர்சனம் எழுதுகிறவர் கச்சேரி விமர்சனத்தில் வராத விஷயங்களையும் பார்க்க வேண்டும். தம்புரா கேட்கிறதா, மின்சுருதி மட்டும்தானா? வயலின் பாடகருக்குப் பின்னால் எங்கோ ஒளிந்திருக்கிறதா? மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருக்கிறதா? சங்கதிகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்களா, ஒரே மூச்சில் பாடியதா? குரலில் எதிரொலியைக் கூட்டி வைத்திருந்தால் கமகத்தின் விளிம்பு மழுங்கிவிடும், அதைச் சொல்ல வேண்டாமா?

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். இன்று பதிவுகள் நேரே இணையத்தில் ஏறுகின்றன. பல இடங்களில் பாடகர் பெயர் மட்டும் இருக்கிறது. வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று தேடினாலும் கிடைப்பதில்லை. தனியாவர்த்தனம் வாசித்தவரின் பெயர் இல்லாமல் ஒரு பதிவை வெளியிடுவது அநியாயம். விமர்சகர்களாவது பெயர்களைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

முத்துஸ்வாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் தேசிய கீத மெட்டில் பாடல் எழுதினார் என்கிறார்கள். உண்மையா?
*வாசகர், வெருலம்*

உண்மை. 'ஸந்ததம் பாஹிமாம்' என்ற பாடல். மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் எழுதிய நோட்டுஸ்வர சாகித்யங்களில் ஒன்று. குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க ஏற்றவை. புதிய பதிவுகளும் வருகின்றன. வாங்கும்போது, கமகம் சேர்த்து இழுக்காமல் நோட்டை நோட்டாகப் பாடியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அப்படிப் பாடினால்தான் அழகு.

என் மகள் உங்கள் மாதிரி ஒரு டீச்சரிடம் ஆறு வர்ணங்கள் பாடிப் பதிவு செய்திருக்கிறாள். லோட்டஸ் எஃப்.எம். வானொலிக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பிப் பாராட்டு வாங்க ஆசை. எப்படி அனுப்புவது?
*தாய், இசிப்பிங்கோ*

ஆசை நியாயமானது, தாயே. அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. உறவுக்காரர் அல்லாத, சங்கீதம் தெரிந்த ஒருவரிடம் பதிவைக் கொடுத்து, எந்த வர்ணத்தில் எந்த இடத்தில் சுருதி இறங்குகிறது, இரண்டாம் காலத்தில் தாளம் எங்கே ஓடுகிறது என்று எழுதி வாங்குங்கள். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து அந்த இடங்களைத் திரும்பக் கேளுங்கள். ஆறில் எது நன்றாக வந்திருக்கிறதோ அதை மட்டும் அனுப்புங்கள், ஆறையும் அனுப்ப வேண்டாம். கேட்கிறவருக்குப் பொறுமை ஒரு வர்ணத்துக்குத்தான் இருக்கும்.

கூடவே ஒரு தாளில் ராகம், தாளம், இயற்றியவர், சொல்லிக்கொடுத்த டீச்சர், மிருதங்கம் வாசித்தவர், பதிவு செய்த இடம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வயதைக் கடைசியில் போடுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், கேட்டுவிட்டு இடம் இடமாக எழுதுகிறேன்.